சில்வர் கார்ல ஒரு கதவு மட்டும் பெயிண்ட் அடிச்சா ஏன் தனியா தெரியுது, என்ன பண்ணலாம்?

தம்பி கேட்டது இது தான். பத்து வருஷம் ஓடின சில்க்கி சில்வர் ஸ்விஃப்ட், பைக் உரசி இடது பக்க முன் கதவு நசுங்கிடுச்சு, பக்கத்துல ஒரு ஷெட்ல டிங்கரிங் பாத்து அந்த கதவை மட்டும் பெயிண்ட் அடிச்சாச்சு, ஷெட்டுக்குள்ள பாக்கறப்ப நல்லா தான் இருந்துச்சு, வெளிய வெயில்ல நிறுத்தினா கதவு மட்டும் கொஞ்சம் கருத்து தனியா தெரியுது. கேட்டா "புது பெயிண்ட் அப்படி தான் இருக்கும், ரெண்டு மாசம் வெயில்ல நின்னா செட் ஆயிடும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. நிஜமாவே செட் ஆகுமா, திரும்ப அடிக்க சொல்லணுமா, இல்ல பேசாம முழு வண்டியையும் அடிச்சிடலாமா?

செட் ஆகாது. முழு வண்டி அடிக்காதீங்க. அந்த கதவை மட்டும் திரும்ப அடிச்சாலும் தொண்ணூறு சதவீதம் இதே கதை தான் திரும்ப நடக்கும், ஏன்னா சில்வர்ல ஒரு பேனலை மட்டும் அடிச்சு பக்கத்து பேனலோட அப்படியே ஒட்ட வைக்கறது எவ்வளவு பெரிய பெயிண்டரா இருந்தாலும் அதிர்ஷ்டம் பாத்து தான் நடக்கும். உங்களுக்கு வேண்டியது பிளெண்டிங், அதாவது புது கலரை முன் ஃபெண்டர்லயும் (முன் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) பின் கதவுலயும் கொஞ்ச தூரம் இழுத்து கரைச்சு விட்டுட்டு மூணு பேனலுக்கும் சேத்து கிளியர், அதாவது கலர் இல்லாத பளபளப்பு கோட், அடிக்கறது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பரவால்லன்னா படிங்க.

முதல்ல அந்த "செட் ஆயிடும்" கதை. இப்போ நம்ம வண்டில அடிக்கறது கலர் இருக்கற பேஸ் கோட், அதுக்கு மேல இறுக வைக்கற ஹார்ட்னர் கலந்த 2கே கிளியர், பெயிண்டருங்க லேக்கர்னு சொல்வாங்களே அது. பேஸ் கோட்ல இருக்கற தின்னர் பறந்ததும் அதுல இருக்கற அலுமினியம் பொடி அப்படியே நின்ன இடத்துல நின்னுடும், மேல கிளியர் போட்டு இறுகினதுக்கு அப்புறம் அது அசையறதுக்கு வழியே இல்ல. வெயில்ல நின்னா பழைய பெயிண்ட் மாதிரி வெளுத்துடும்னு நினைக்கறதும் தப்பு, புது கிளியர்ல யூவி தாங்கற சமாச்சாரம் இருக்கு, அது வெளுக்க வருஷக்கணக்காகும், அதுக்குள்ள பழையதும் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும். ரெண்டும் ஒரே இடத்துல வந்து சந்திக்கவே சந்திக்காது. டெலிவரி அன்னிக்கு என்ன ஷேட் வித்தியாசம் தெரியுதோ அது தான் உங்க வித்தியாசம்.

இந்த பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னா அம்பாசடர், பத்மினி காலத்து என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்ல இருந்து வந்ததுன்னு நினைக்கறேன். அதுல ஹார்ட்னரே கிடையாது, தின்னர் பட்டா எத்தனை வருஷம் கழிச்சும் பழைய பெயிண்ட் கரையும், அதனால புது கோட் பழையதோட ஓரத்துல உருகி ஒட்டிக்கும், மேல கம்பவுண்ட் போட்டு தேய்ச்சா எங்க ஆரம்பிச்சது எங்க முடிஞ்சதுன்னே தெரியாது. அதுலயும் பெரும்பாலும் வெள்ளை, கருப்பு, க்ரீம்னு அலுமினியம் பொடி இல்லாத சாலிட் கலர் தான். அந்த காலத்து பெயிண்டர் கண்ணால பாத்தே கலர் கூட்டுவார்ங்கறது நிஜம் தான், ஆனா அவர் கூட்டினது வேற சரக்கு.

இப்போ கலர் கோடுக்கு, அதாவது வண்டி கலருக்கு கம்பெனி வச்ச எழுத்து நம்பர் குறியீட்டுக்கு வருவோம். பானட்டை திறந்தா இன்ஜினுக்கு பின்னாடி இருக்கற ஃபயர்வால் தகட்லயோ இல்ல டிரைவர் கதவை திறந்தா பில்லர்லயோ ஒரு பிளேட் இல்லாட்டி ஸ்டிக்கர் இருக்கும், அதுல கலர் கோடு போட்டிருப்பாங்க. டொயோட்டால சி/டிஆர்னு இருக்கும், முதல்ல வர்றது பாடி கலர், அடுத்தது உள்ள சீட் டிரிம்மோட கோடு, இதை மாத்தி படிச்சு குழம்பினவங்க உண்டு. சுசுகி சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ். நிறைய பேர் நினைக்கறது என்னன்னா கோடு சொன்னா போதும், கடைக்காரர் டப்பால அதே பெயிண்டை ஊத்தி குடுத்துடுவார்னு. கோடுங்கறது வெறும் ஆரம்பம் தான். ஒரே கோடுல ரெண்டு ஃபேக்டரில வண்டி வந்திருக்கும், ரெண்டு பெயிண்ட் கம்பெனி சப்ளை பண்ணிருக்கும், வருஷத்துக்கு வருஷம் பேட்ச் மாறிருக்கும், அதனால ரோட்ல ஓடற வண்டிங்கள்ல அதே கோடுக்கு கொஞ்சம் மஞ்சளடிச்சது, கொஞ்சம் நீலம் ஓடினது, பொடி பெருசா மினுமினுக்கறதுன்னு பல ஷேட் இருக்கும். ரீஃபினிஷ் பெயிண்ட் கம்பெனிங்க இதையெல்லாம் தனித்தனி வேரியண்ட் ஃபார்முலாவா வச்சிருப்பாங்க, விசிறி மாதிரி விரியற சிப் கட்டு இருக்கும், அதுல ஒவ்வொண்ணா எடுத்து வண்டி மேல வச்சு பாத்து எது ஒத்து வருதோ அந்த ஃபார்முலாவை கலக்கணும். உங்க ஷாப்ல இதை பண்ணாங்களா, இல்ல கோடை மட்டும் போன்ல சொல்லி கால் லிட்டர் வாங்கிட்டு வந்தாங்களான்னு கேளுங்க. பெரும்பாலும் ரெண்டாவது தான்.

பெட்ரோல் டேங்க் மூடியை கழட்டி மிக்ஸிங் கடைக்கு எடுத்துட்டு போற பழக்கம் நம்ம ஊர்ல எல்லா இடத்துலயும் உண்டு. வெறும் கோடு சொல்றதை விட அது ஆயிரம் மடங்கு மேல், ஆனா அந்த மூடி பின்னாடி குவார்ட்டர் பேனல்ல, அதாவது பின் சக்கரத்துக்கு மேல இருக்கற தகட்ல இருக்கறது, உங்க வேலை நடக்கறது முன் கதவுல, அங்க வெயில் பட்ட விதம் வேற. முன்னாடி எப்பவாவது பின்பக்கம் அடிச்சிருந்தா மூடியே ஒரிஜினலா இருக்காது. அதனால வண்டியையே மிக்ஸிங் கடைக்கு ஓட்டிட்டு போய் ஃபெண்டர்லயும் பின் கதவுலயும் வச்சு பாக்கறது தான் சரி. பெரிய கடைங்கள்ல ஸ்பெக்ட்ரோ கேமரா இருக்கும், பேனல் மேல வச்சு அமுக்கினா 15 டிகிரி, 45 டிகிரி, 110 டிகிரின்னு பல ஆங்கிள்ல கலரை அளந்து கிட்டத்தட்ட ஒத்து வர்ற ஃபார்முலாவை கம்ப்யூட்டர்ல காட்டும். நல்ல கருவி தான், ஆனா அது சொல்றது "இது ரொம்ப பக்கத்துல இருக்கு"ன்னு தான், "இதே தான்"னு இல்ல. கேமரா வச்சு எடுத்தோம் சார்னு சொன்னதும் திருப்தி ஆயிடாதீங்க.

அளக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு, அதை விட்டுட்டா எல்லாமே தப்பாயிடும். பத்து வருஷ கிளியர் மேல கீறல், தண்ணி கறை, ஆக்சிடேஷன்னு ஒரு மங்கல் படிஞ்சிருக்கும், அந்த மங்கல் வெளிச்சத்தை சிதற விட்டு கலரை இருக்கறதை விட வெளுப்பா காட்டும். அதனால பக்கத்து பேனலை கொஞ்சம் கம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணி பளபளப்பு வந்ததுக்கு அப்புறம் தான் சிப் வச்சு பாக்கணும், கேமரா வைக்கணும். உங்க கேஸ்ல கதவு கருத்து தெரியுதுன்னு சொல்றீங்களே, அதுல ஒரு பங்கு கதவோட தப்பா இல்லாம மத்த வண்டி மங்கி போனதா கூட இருக்கலாம். செலவே இல்லாம பாத்துடலாம்: ஃபெண்டர் ஓரத்துலயும் பின் கதவு ஓரத்துலயும், கதவு கேப்புக்கு பக்கத்துல, உள்ளங்கை அளவுக்கு கம்பவுண்ட் போட்டு நல்லா தேய்ச்சு துடைச்சுட்டு வெயில்ல நின்னு பாருங்க. பாதி வித்தியாசம் போச்சுன்னா முதல்ல முழு வண்டிக்கும் பஃபிங் போடுங்க, அப்புறம் மிச்சத்தை யோசிக்கலாம். வித்தியாசம் அப்படியே இருந்தா பெயிண்ட் தான் தப்பு.

சரி, ஃபார்முலா சரியா கிடைச்சுதுன்னே வச்சுக்குவோம். அடுத்து மிக்ஸிங். சில்வர்ல பாதி உயிர் அந்த அலுமினியம் பொடில தான் இருக்கு, அது டப்பா அடில போய் உக்காந்துக்கும். மிக்ஸிங் மெஷின்ல டப்பாங்களை தினமும் ஓட்டி கலக்கணும், அதை ஓட்டாம மேலாப்புல ஊத்தினா ஃபார்முலா காகிதத்துல மட்டும் தான் சரியா இருக்கும். தராசு 0.1 கிராம் காட்டும், கால் லிட்டர் கலக்கறப்ப கருப்பு டின்டர் (கலர் கூட்டற மூல சாயம்) ஒரு சொட்டு கூட விழுந்தா கூட சில்வர் கெட்டுடும், அதே சொட்டு ஒரு லிட்டர்ல விழுந்தா பெருசா தெரியாது. ரொம்ப கம்மியா கலக்க சொல்லி காசு மிச்சம் பிடிக்கறது சில்வர்ல வேண்டாத வேலை. கலக்கினதை டப்பாவுக்குள்ள எட்டி பாத்தோ, குச்சில தொட்டு வண்டி மேல வச்சோ ஷேட் சொல்றவரை நம்பாதீங்க. ஈரமா இருக்கற பேஸ் கோட் ஒரு கலர், காய்ஞ்சா ஒரு கலர், மேல கிளியர் போட்டா இன்னொரு கலர். ஒரு கார்டுல அடிச்சு, காய வச்சு, கிளியரும் போட்டு, அதுக்கப்புறம் வண்டி மேல வச்சு பாத்தா தான் பேச்சு. அந்த கார்டுல பெயிண்ட் அடிக்கற பக்கத்துல கருப்பு வெள்ளை கட்டம் போட்டிருக்கும், அது மறையற வரைக்கும் எத்தனை கோட் ஆகுதுன்னு பாத்து வண்டிலயும் அத்தனை கோட் அடிக்கணும்.

இப்போ வர்றது தான் முக்கியமான இடம். சில்வர்ல கலரை முடிவு பண்றது டப்பா மட்டும் இல்ல, ஸ்ப்ரே கன் பிடிக்கற கையும் தான். அந்த அலுமினியம் ஒவ்வொண்ணும் ஒரு குட்டி கண்ணாடி சில்லு மாதிரி. எல்லாம் தட்டையா படுத்திருந்தா நேரா பாக்கறப்ப வெளிச்சம் அப்படியே திரும்பி வரும், பேனல் வெளுப்பா பளிச்சுன்னு இருக்கும், சைடுல இருந்து பாத்தா கருத்திருக்கும். சில்லு எல்லாம் கன்னாபின்னான்னு சாய்ஞ்சு நின்னா நேரா பாக்கறப்ப கருப்பா, சைடுல பாக்கறப்ப வெளுப்பா இருக்கும். ஈரமா, கனமா, கிட்ட வச்சு அடிச்சா பொடி மிதந்து சாய்ஞ்சு நிக்க நேரம் கிடைக்கும், அதனால முகம் கருக்கும். கன்னை தள்ளி பிடிச்சு, ப்ரெஷர் கூட்டி, மெல்லிசா அடிச்சா சட்டுனு காய்ஞ்சு படுத்துக்கும், அதனால முகம் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே ஆள், கன் ரெண்டு இஞ்ச் முன்ன பின்ன போனாலே ஷேட் மாறும்னா பாத்துக்கங்க. இதோட நம்ம ஊர் வெயில் வேற. சித்திரை மாசம் மத்தியானம் திறந்த ஷெட்ல அடிச்சா தின்னர் பேனலை தொடறதுக்கு முன்னாடியே பாதி பறந்துடும், அதே பெயிண்டை மழை நாள் காலைல அடிச்சா ஈரமா உக்காரும், ரெண்டும் ஒரே வண்டில ரெண்டு கதவா இருந்தா வேற வேற வண்டி கதவுன்னு சொல்வீங்க. இதுக்கு தான் வெயிலுக்கு ஸ்லோ தின்னர், குளிருக்கு ஃபாஸ்ட் தின்னர்னு தனித்தனியா விக்கறாங்க. எல்லாத்துக்கும் ஒரே லோக்கல் தின்னர் வச்சு ஓட்டற கடைல சில்வர் குடுக்காதீங்க.

ஃபேக்டரில இதை மனுஷன் கையால அடிக்கறதில்ல, ரோபோ கைல வேகமா சுத்தி பெயிண்டை சிதற விடற பெல் வச்சு, கரண்ட் சார்ஜ் குடுத்து, ஏசி போட்ட பூத்ல, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே வேகத்துல அடிச்சு 140 டிகிரி பக்கம் ஓவன்ல வேக வைக்கறாங்க. வெளி ஷாப்ல நல்ல பூத் இருந்தா 60 டிகிரி. பொடி உக்கார்ற விதம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கறதுக்கு வாய்ப்பே கம்மி. இன்னொண்ணு பாத்திருக்கீங்களா, ஷோரூம்ல நிக்கற புது வண்டிலயே பம்பரும் ஃபெண்டரும் லேசா வேற ஷேட்ல இருக்கும். பிளாஸ்டிக் அந்த ஓவன் சூட்டை தாங்காது, அதனால பம்பரை வேற இடத்துல, வேற பெயிண்ட்ல, குறைஞ்ச சூட்ல அடிச்சு கொண்டு வந்து மாட்டறாங்க, போதாததுக்கு பம்பர் வளைஞ்சு வேற திசைல வெளிச்சத்தை காட்டுது. கம்பெனியாலயே முழுசா முடியாத விஷயத்தை தெருமுனை ஷெட்ல எதிர்பாத்து சண்டை போடறதுல அர்த்தம் இல்ல. ஆனா பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல கண்ணு மன்னிக்கும், கதவுக்கும் கதவுக்கும் நடுவுல மன்னிக்காது, ஏன்னா ரெண்டும் ஒரே மட்டத்துல தட்டையா பக்கத்துல பக்கத்துல இருக்கு.

பிளெண்டிங் வேலை செய்யறது இந்த இடத்துல தான். ரெண்டு ஷேட் கூர்மையான ஒரு எல்லைல, அதாவது அந்த கதவு கேப்ல, முட்டிக்கிட்டா ரொம்ப சின்ன வித்தியாசத்தை கூட கண்ணு பிடிச்சிடும். அதே வித்தியாசத்தை ஒன்றரை ரெண்டு அடி தூரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா பரப்பி விட்டா கண்ணுக்கு பிடிக்க ஒரு எல்லையே இல்ல. கலரை நூறு சதவீதம் கொண்டு வரணும்னு மெனக்கெடறதை விட்டுட்டு ஒரு தொண்ணூத்தி அஞ்சுக்கு கொண்டு வந்து மிச்சத்தை பரப்பிடறது தான் நல்ல பெயிண்டரோட வேலை. கார்டு அடிச்சு பாக்காம பிளெண்ட் மட்டும் பண்ணா போதும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ஷேட் ரொம்ப தள்ளி இருந்தா எவ்வளவு இழுத்தாலும் நடுவுல மேகம் மாதிரி தெரியும்.

எப்படி பண்ணுவாங்கன்னா, முன் கதவு, ஃபெண்டர், பின் கதவு மூணுலயும் ஹேண்டில், மிரர், கண்ணாடி பீடிங், ஃபெண்டர் இண்டிகேட்டர் எல்லாம் கழட்டணும். கழட்டாம டேப் ஒட்டி மறைச்சு அடிச்சா அந்த ஓரத்துல தான் பின்னாடி கிளியர் உரிய ஆரம்பிக்கும். ஃபெண்டரையும் பின் கதவையும் 1000 நம்பர் வாட்டர் பேப்பர்லயோ சாம்பல் கலர் ஸ்காட்ச் பிரைட்லயோ மட்டும் தேய்க்கணும், 400ல தேய்ச்சா அந்த கீறல் எல்லாம் சில்வருக்கு அடில இருந்து எட்டி பாக்கும். பழைய பெயிண்டை இங்க எடுக்க வேண்டியதில்ல, பளபளப்பு போனா போதும். கதவுல கலர் முழுசா மூடற வரைக்கும் அடிச்சிட்டு, பக்கத்து பேனல் ரெண்டுலயும் கலர் இல்லாத பிளெண்டர் ஒரு கோட் ஈரமா போட்டு, அந்த ஈரத்து மேல கலரை முதல்ல கேப்பை தாண்டி ஒரு சாண், அடுத்த கோட் இன்னும் கொஞ்சம் அதிகம்னு மணிக்கட்டை திருப்பி விசிறி விடணும். இந்த பிளெண்டரை போடாம காய்ஞ்ச பேனல் மேல நேரா விசிறினா ஓரத்துல விழற பொடி நட்டுக்கிட்டு நிக்கும், கிளியர் போட்டதும் அங்க ஒரு கருப்பு வளையம் தெரியும், சில்வர்ல இது தான் அடிக்கடி நடக்கற கோளாறு. கலர் பக்கத்து பேனல்ல பாதியை தாண்டக்கூடாது, ஃபெண்டர்ல முன்பக்கம் ஒரிஜினல் கலர் அப்படியே இருக்கணும், அப்போ தான் பம்பரோட, பானட்டோட புது சண்டை வராது. கடைசியா ப்ரெஷரை குறைச்சு, கன்னை தள்ளி பிடிச்சு, மேலாப்புல ஒரு மூடு கோட், திட்டு திட்டா இருக்கற பொடியை சமன் பண்ண. அப்புறம் மூணு பேனலுக்கும் ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் கிளியர்.

கிளியரை நடு பேனல்ல நிறுத்தவே கூடாது. கதவு, ஃபெண்டருக்கெல்லாம் நாலு பக்கமும் கேப் இருக்கு, அங்க நின்னுக்கலாம். பின் குவார்ட்டர் பேனல் தான் வில்லங்கம், அது கேப்பே இல்லாம பில்லர் வழியா ரூஃப் வரைக்கும் ஓடும். அங்க சில பேர் பில்லர்ல ஒரு குறுகலான இடம் பாத்து கிளியரை தின்னர் போட்டு கரைச்சு முடிப்பாங்க, அன்னிக்கு சூப்பரா இருக்கும், நம்ம வெயில்ல சில வருஷத்துல அந்த ஓரம் வெள்ளையா கோடு கிழிச்ச மாதிரி எழும்பும். உங்களுக்கு முன் கதவு, தப்பிச்சீங்க.

பிரைமர் பத்தி சுருக்கமா. சில்வர் நல்லா மூடும்னு நினைப்போம், ஆனா மெல்லிசா அடிச்சா அடில இருக்கற பட்டி, சர்ஃபேசர் (கலருக்கு முன்னாடி அடிக்கற பிரைமர்) கலர் மேல வரும். சிவப்பு, மஞ்சளுக்கு இது பத்து மடங்கு. அதுக்கு தான் வெள்ளைல இருந்து கரும்சாம்பல் வரைக்கும் படிப்படியா சர்ஃபேசர் ஷேட் வச்சிருக்காங்க, ஃபார்முலாவுலயே எந்த சாம்பல் போடணும்னு குடுத்திருப்பாங்க. அதை பாக்காம கைல இருக்கறதை அடிச்சா அடுத்தடுத்து கோட் போட்டுக்கிட்டே தான் இருக்கணும்.

வெள்ளை வண்டி வச்சிருக்கவங்க "நமக்கு பிரச்சனை இல்ல"ன்னு நினைச்சுக்குவாங்க. சாலிட் வெள்ளைல பொடி இல்லாததால கன் பிடிக்கற கையோட தொல்லை கம்மி, ஆனா வெள்ளைல துளி மஞ்சள், துளி கருப்பு மாறினா பளிச்சுன்னு தெரியும். பேர்ல் வெள்ளை வேற லெவல். டொயோட்டால 040ன்னு இருந்தா சூப்பர் வொயிட், சாதா வெள்ளை. 070ன்னு இருந்தா பேர்ல், அடில ஒரு வெள்ளை, நடுவுல பேர்ல் கோட், மேல கிளியர்னு மூணு அடுக்கு. தூரத்துல ரெண்டும் வெள்ளை வண்டி தான், ஆனா வேலையும் கூலியும் வேற. பேர்ல்ல நடு கோட் ஒண்ணு கூடினாலே ஷேட் மாறும், அதனால ஒரே கார்டுல ஒரு கோட், ரெண்டு கோட், மூணு கோட், நாலு கோட்னு படிக்கட்டா அடிச்சு எந்த படி வண்டியோட ஒத்து போகுதோ அத்தனை கோட் தான் அடிக்கணும். சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருக்கறவங்களுக்கு மாஸ்டாவோட 46வி சிவப்பு இதே ரகம், அதை பிளெண்ட் இல்லாம ஒரு பேனல் அடிச்சு தர்றேன்னு யாராவது சொன்னா வண்டியை திருப்பிட்டு வந்துடுங்க.

லைட் விஷயம். ஷெட்டுக்குள்ள சரியா இருந்துச்சு, வெயில்ல தெரியுதுன்னு சொன்னீங்க, அதுக்கு காரணம் வேற டின்டர்ங்களை கலந்து அதே கலரை கொண்டு வந்தா ஒரு லைட்ல ஒத்து போகும், இன்னொரு லைட்ல பிரிஞ்சு காட்டும். ட்யூப் லைட்ல ஓகே சொல்லிட்டு வராதீங்க. சாயங்காலம் ஆறரைக்கு மேல டெலிவரி எடுக்காதீங்க, "நாளைக்கு காலைல வர்றேன்"னு சொல்லுங்க. காலை வெயில்லயும், அப்புறம் நிழல்லயும், நேரா நின்னு ஒரு தடவை, பின் விளக்கு பக்கத்துல இருந்து சாய்வா ஒரு தடவை, முன் விளக்கு பக்கத்துல இருந்து ஒரு தடவை பாருங்க, ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு. அரை அடி தூரத்துல மூக்கை வச்சு பாத்தா எந்த வண்டியும் தேறாது. கார்டு வச்சு பாக்கறதா இருந்தா கதவு எப்படி நிக்குதோ அதே மாதிரி செங்குத்தா பிடிச்சு பாருங்க, பானட் மேல படுக்க வச்சு பாத்துட்டு கதவுக்கு முடிவு பண்ணக்கூடாது.

உங்க கதவை இப்படி பாத்தா என்ன தப்புன்னு ஓரளவு நீங்களே சொல்லிடலாம். நேரா பாத்தா கருப்பு, சாய்வா பாத்தா மத்த பேனலை விட வெளுப்பு, அப்படின்னா ஃபார்முலா கிட்டத்தட்ட சரி, ஈரமா அடிச்சிட்டாங்க, இல்ல பொடியோட சைஸ் தப்பான வேரியண்ட். எந்த பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி கருப்பு, அப்படின்னா கலக்கினதே தப்பு, இதை திரும்ப மிக்ஸிங்ல இருந்து ஆரம்பிக்கணும். திட்டு திட்டா மேகம் மாதிரி இருந்தா மூடு கோட் சரியா போடல. கலர் சரி, ஆனா மேல்பரப்பு ஆரஞ்சு தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கறதால தனியா தெரியுதுன்னா 2000, 3000 நம்பர் பேப்பர்ல தேய்ச்சு பஃபிங் போட்டாலே போதும், பெயிண்டே வேண்டாம்.

முழு வண்டி அடிக்கற யோசனைக்கு நான் ஏன் உடனே வேண்டாம்னேன்னா, ஃபேக்டரி பெயிண்ட் மொத்தமே 100 மைக்ரான், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அதுல எல்லாத்துக்கும் அடில இருக்கற ஈடி கோட் (பாடியை முக்கி கரண்ட் வச்சு ஏத்தற பிரைமர்) தான் துருவை தடுக்கறது, அதை எந்த ஷாப்பும் திரும்ப குடுக்க முடியாது. முழுசா தேய்ச்சு அடிச்சா அதுல எங்கெங்க உடைப்பாங்களோ தெரியாது. பழைய வண்டி வாங்க வர்றவங்க இப்போ பெயிண்ட் கனம் அளக்கற மீட்டர் வச்சு பாக்கறாங்க, ஒரு கதவு மட்டும் 250 மைக்ரான் காட்டினா "சின்ன உரசல்"னு சொன்னா ஏத்துக்குவாங்க, வண்டி முழுக்க 250 காட்டினா எதை மறைக்கறீங்கன்னு தான் கேப்பாங்க. கதவு உள்பக்கம், டிக்கி உள்பக்கம், பானட் உள்பக்கம்னு எல்லாம் பழைய ஷேட்லயே நிக்கும், அது வேற. கலரையே மாத்தறதா இருந்தா ஆர்சில மாத்தற வேலையும் சேரும்.

இன்சூரன்ஸ்ல போறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்க. அடிபட்ட பேனலுக்கு மட்டும் தான் சர்வேயர் பொதுவா ஓகே சொல்வார், பக்கத்து பேனல் பிளெண்டிங்கு கேட்டு வாங்கறது உங்க வாய் சாமர்த்தியம், பாக்க வர்றப்பவே பேசிடணும், பில் வந்ததுக்கு அப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) இல்லாத சாதா பாலிசில பெயிண்ட் மெட்டீரியல்ல 50 சதவீதம் கழிப்பாங்க, மெட்டீரியல் கூலின்னு பிரிக்காம ஒரே தொகையா பில் போட்டா அதுல 25 சதவீதத்தை மெட்டீரியல்னு எடுத்துக்குவாங்க.

ஸ்ப்ரே டப்பா வாங்கி நாமளே அடிச்சுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: பம்பர் அடி ஓரம், மிரர் மூடி, கல் பட்ட சின்ன புள்ளி, இதுக்கெல்லாம் ஓகே. சில்வர் கதவுக்கு வேண்டவே வேண்டாம், டப்பால ப்ரெஷரும் உங்க கைல இல்ல, பெயிண்ட் விசிறி விழற அகலமும் உங்க கைல இல்ல. ஹார்ட்னர் கலந்த 2கே டப்பா வாங்கினா அதுல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுல போனா ஆஸ்துமா வர்ற அளவுக்கு கெடுதல், கர்ச்சீப் கட்டிக்கிட்டு கார் ஷெட்டை மூடிட்டு அடிக்கற சரக்கு இல்ல அது.

உங்க ஷாப்காரர் கிட்ட போய் "ஷேட் தப்பு, திரும்ப அடிங்க"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா அவர் அதே டப்பால மிச்சம் இருக்கறதை எடுத்து இன்னொரு தடவை அடிப்பார், இன்னும் 60, 70 மைக்ரான் ஏறும், ஷேட் அப்படியே இருக்கும். அதுக்கு பதிலா "வேரியண்ட் சிப் வச்சு பாத்து, கார்டு அடிச்சு கிளியர் போட்டு காட்டுங்க, நான் வெயில்ல பாத்து ஓகே சொன்னதுக்கு அப்புறம் ஃபெண்டர்லயும் பின் கதவுலயும் பிளெண்ட் பண்ணி மூணுக்கும் கிளியர் போடுங்க, பக்கத்து ரெண்டு பேனலுக்கும் பட்டி வேலை இல்ல, கிளியர் கூலி எவ்வளவோ நான் தர்றேன்"னு சொல்லுங்க. அவர் தப்பை ஒத்துக்கிட்டு முன் கதவுக்கு கூலி வாங்காம விட்டா நல்ல மனுஷன். கார்டா, அது எதுக்கு, நான் கண்ணாலயே பாத்துடுவேன்னு சொன்னா வேற ஷாப் பாருங்க.

வேலை முடிஞ்சு வண்டி எடுத்ததும் அந்த மூணு பேனலுக்கும் ஒரு மாசம் வேக்ஸ், செராமிக் கோட்டிங்னு எதுவும் போடாதீங்க, வாட்டர் வாஷ்ல ப்ரெஷர் கன்னை கிட்ட காட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க, காக்கா எச்சம் விழுந்தா காய விடாம உடனே தண்ணி ஊத்தி எடுத்துடுங்க.